பேச முடியாத பிள்ளையிடம் பேசினால் புரியுமா?

அக்கா மகனுக்கு இரண்டரை வயசு, கழுத்து நிற்கவில்லை, பேச்சும் இல்லை, அவனைப் பார்த்துக்கொள்ளும்போது பேசிப் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, பேசுங்கள். ஆனால் பேசிவிட்டுக் காத்திருங்கள்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போவதால் மூன்று வருஷமாக அவர்கள் மகளை நான்தான் பார்க்கிறேன். அவளுக்குப் பெருமூளை வாதம், மூளைப் பாதிப்பால் உடம்பு சொன்னபடி கேட்காது. முதல் வருஷம் முழுக்கத் தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது, படுக்க வைப்பது, அவ்வளவுதான். சொல்லாமல் கொள்ளாமல் தூக்குவேன், உடம்பு விறைத்து வில்லாக வளையும், அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். கைக்குழந்தைகளுக்குச் சில மாதத்தில் மறைந்துவிடும் திடுக்கிடல் இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் போகாது என்று பிடிகே (மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையம்) ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. இப்போது தோளைத் தொட்டு, "அத்தை தூக்கப் போறேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன்.

ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது "இன்னும் வேணுமா" என்று கேட்ட நேரம், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வாசலில் நின்று ஹாரன் அடித்தது. கரண்டியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். லோரி போன பிறகு திரும்பினால், அவள் கண் கரண்டியில் இருக்கிறது, உதடு மெல்லப் பிரிந்து நாக்கு நுனி தெரிகிறது. இத்தனை நாளும் பதில் வருவதற்குள் நான் வாயில் திணித்திருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவேன். போதும் என்றால் முகம் ஜன்னல் பக்கம் போகும். (கரண்டியை மேலிருந்து கொண்டு போகாதீர்கள், தலை பின்னால் சாய்ந்தால் புரை ஏறும்.)

இதெல்லாம் அத்தையின் கற்பனை என்று சிலர் சொல்வார்கள், சொந்தக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லைதான், பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்பதும் தெரியும். உங்கள் பையனுக்கு விரல் அசையலாம், மூச்சு மாறலாம். ஆனால் நாளெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது தெரியும்.

பக்கத்தில் பிடிகே மையம் இருந்தால் கொண்டு போங்கள். 1984இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம், இப்போது சின்ன ஊர்களிலும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. ஓகேயூ, அதாவது மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கென்று கோடு போட்ட இடத்தில் காரைப் போட்டுவிட்டு ரொட்டி சானாய் வாங்கப் போகிறவர்களே, போன வாரம் உங்களால் நல்ல மழையில் தூரமாக நிறுத்தி அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். "நனையப் போறோம்டா" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். முகத்தில் தண்ணீர் விழுந்தும் அவள் விறைக்கவில்லை.