'சென்னைப் பேப்பரில் வரவைத்தால்தான் பணம்' என்பவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: மண்டபம் பக்கம் புதிதாகத் திறந்த கடற்கரை விடுதிக்கு மக்கள் தொடர்பு வேலை பார்க்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதத்தில் சென்னைப் பேப்பர்கள் எல்லாவற்றிலும் செய்தி வரணும், இல்லையென்றால் பணம் கிடையாது என்கிறார் முதலாளி. தீவில் இறக்கிவிட்டுப் பவளப்பாறை காட்டுவோம் என்றும் எழுதச் சொல்கிறார். வேறொருவர் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் தருகிறாராம். நானும் சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம். செய்தி போடுவதும் விடுவதும் ஆசிரியர் குழு கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லாததை விற்கக் கூடாது. உத்தரவாதம் தருகிறவர் முழுப் பொய் சொல்கிறார் என்றும் இல்லை, காசு கட்டினால் எதையும் போடும் இணையதளங்கள் நிறைய உண்டு, அதில் நாலைந்தில் போட்டுவிட்டு லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அதைப் படித்து யாராவது அறை பதிவு செய்தார்களா என்று உங்கள் முதலாளியைக் கேட்கச் சொல்லுங்கள்.

அவரிடம் நேராகவே சொல்லலாம்: "அண்ணே, ராமநாதபுரத்துச் செய்தி பெரும்பாலும் மதுரைப் பதிப்பில் மாவட்டப் பக்கத்தோடு நின்றுவிடும், அதைச் சென்னைக்காரர் பார்க்கமாட்டார். மாதம் இத்தனை செய்திக்குறிப்பு எழுதுவேன், இன்னின்ன நிருபர்களிடம் பேசுவேன், யார் என்ன சொன்னார்கள் என்று மாதக் கடைசியில் கணக்குத் தருவேன். பணம் அந்த வேலைக்கு."

அப்புறம், விடுதி திறந்தது அவருக்குப் பெரிய விஷயம், நிருபருக்கு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது மீனவக் குடும்பங்களுக்கு விடுதி வேலை கொடுத்திருந்தால் அது செய்தி. கொடுத்திருந்தால் மட்டும்! நாளும் பார்க்கணும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் நிருபர்கள் அக்னி தீர்த்தக் கரையில் நிற்பார்கள். இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கு விடுதியைப் பற்றிப் போன் போட்டால், அந்த நிருபர் அடுத்த தடவை உங்கள் போனை எடுப்பார் என்று நினைக்காதீர்கள்.

தீவு விஷயம்தான் எனக்குக் கவலை. 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. பவளப்பாறைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. அனுமதி இல்லாத ஒன்றைச் செய்திக்குறிப்பில் போட்டால் அதை அக்கறையாக முதலில் படிப்பது வனச்சரகர்தான், உங்கள் பெயரும் போன் நம்பரும் அதன் கீழேயே இருக்கும். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

யூடியூபர்களைக் காசு கொடுத்துக் கூப்பிட்டால், அது காசு வாங்கிச் செய்த வீடியோ என்று அவர்கள் சொல்லியாகவேண்டும், 2022-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் அப்படி. ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடவும் நுகர்வோர் சட்டத்தில் இடமிருக்கிறது.

இதையெல்லாம் முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அவர் முகம் சுளித்தால் விலகிவிடலாம். முன்பணம் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால் செய்த வேலைக்குக் கழித்துக்கொண்டு மீதியை மறுநாளே திருப்பிக் கொடுங்கள், இந்தக் கரையில் அடுத்து உங்களைக் கூப்பிடப்போகும் விடுதிக்காரர் அநேகமாக அவருக்குச் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.