சான்-சீர்-லப்போபி: பாறையில் குடைந்த ஆற்றோரப் பாதை எங்கே?

தெற்குப் பிரான்சில் உள்ள சான்-சீர்-லப்போபிக்குப் போய், பாறையில் குடைந்த ஆற்றோரப் பாதையைத் தேடுகிறீர்களா? அது ஊருக்குள் இல்லை. ஊர் குன்றின் மேல், லோட் ஆற்றிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதையோ கீழே, தண்ணீரை ஒட்டி. தேவாலயத்தைச் சுற்றி எத்தனை சந்து நுழைந்தாலும் கண்ணில் படாது.

அடுத்த ஊரான பூசியெஸிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். ஆற்றின் போக்குக்கு எதிராக, தென்கிழக்கே சான்-சீர் நோக்கிப் போக வேண்டும். ஆறு உங்கள் இடப்பக்கம் இருந்தால் சரியான கரையில் இருக்கிறீர்கள். வலப்பக்கம் இருந்தால் எதிர்க்கரை, அங்கே இந்தப் பாதை கிடையாது.

சிறிது தூரத்தில் செங்குத்துப் பாறை நேரே ஆற்றில் இறங்கும். கரையே இல்லாத அந்த இடத்தில், அந்தக் காலத்தில் கரையோரம் நடந்து படகுகளைக் கயிறு கட்டி இழுக்க வழியில்லாமல் இருந்தது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் பாறையின் பக்கவாட்டைக் குடைந்தார்கள். ஒரு பக்கம் சுவர், தலைக்கு மேல் கல், மறுபக்கம் திறந்த ஆறு: பாதிச் சுரங்கம் மாதிரி. அவசரப்படாமல் சுவரைப் பாருங்கள். டேனியல் மோனியே என்ற சிற்பி சுண்ணாம்புக் கல்லிலேயே மீன், சிப்பி வடிவங்களைச் செதுக்கியிருக்கிறார். அவ்வளவு அழகு!

மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும், கூரை தாழ்ந்த இடங்களில் தலை இடிக்கும். வெள்ளத்தாலோ பாறைச் சரிவாலோ பாதையை மூடியிருக்கவும் கூடும். கிளம்பும் முன் சுற்றுலா அலுவலகத்தில் அவசியம் கேட்டுவிடுங்கள்.