கதையில் வரும் காதலை வாசகர் நம்பும்படி எழுதுவது எப்படி?

"நான் எழுதும் காதல் கதைகளைப் படிப்பவர்கள் எல்லாரும் செயற்கையாக இருக்கிறது என்கிறார்கள், எங்கே தவறு செய்கிறேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வார்த்தையை நானும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

உங்கள் கதையைப் படிக்காமலே ஒன்றை ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னித்துவிடுங்கள். உங்கள் கதையில் இருவரும் முதலில் பார்த்துக்கொள்வது பேருந்து நிறுத்தத்திலோ நூலகத்திலோ இருக்கும். அழகாகப் பேசுவார்கள். ஆனால் பேசுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இருக்காது. சரிதானே?

2014-இல் நான் எழுதிய முதல் கதை அப்படித்தான் இருந்தது. கல்லூரியில் படிக்கும் இருவர் மெரினா மணலில் உட்கார்ந்து பதினொரு பக்கம் பேசுவார்கள். நிறையப் படிக்கிறவர் என்று பெரியம்மா மகளிடம் அதைக் கொடுத்தேன். அக்கா படித்து முடித்துவிட்டு, "நல்லாதான் பேசிக்கிறாங்க. ஆனா இவளைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கோபத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. நான் காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் பிறந்தவள். கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அதற்கு மூன்று நாடா, அதாவது குறுக்கு இழையைக் கொண்டுபோகும் கட்டை, வேண்டும், உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒரே ஆளால் ஓட்ட முடியாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் அம்மா.

நான் எட்டாவது படித்தபோது, தீபாவளிக்கு முன்னால் இருவருக்கும் பெரிய சண்டை. அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை அப்பா கேட்காமலே சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்பது நாள் பேச்சு இல்லை. ஆனால் தறி நிற்க முடியாதே. சாப்பிட்டு முடித்ததும் அப்பா தறிக் குழியில் இறங்குவார், அம்மா பக்கத்தில் வந்து உட்காருவார். இழை அறுந்தால் அம்மா வழக்கமாக "இருங்க" என்று சொல்வார். அந்த நாட்களில் நாடாவால் தறிக்கட்டையை ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். அப்பா நிறுத்திவிடுவார்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, நான் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் மெதுவாகிவிட்டது. அப்பாவுக்குக் களைப்பு போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா குரல் கேட்டது: "இந்த வேகத்துல போனா வெள்ளிக்கிழமை சேலை அறுக்க முடியாது." அப்பா சொன்னார்: "சனிக்கிழமை அறுத்துக்கலாம். தோளை வச்சிக்கிட்டு என்னத்துக்கு அவசரம்."

அம்மாவுக்குத் தோள் வலி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அன்று காலையில் தண்ணீர்க் குடத்தை வழக்கத்துக்கு மாறாக இடது இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்திருக்கிறார். நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுப்பது சனிக்கிழமை என்றால் கூலி திங்கட்கிழமைதான் கைக்கு வரும், அது அவர்கள் இருவருக்கும் தெரியும். சீட்டுப் பணத்துக்கான சண்டை அதோடு தீரவில்லை, பல வருடம் நடந்தது. இருந்தாலும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தது என் பதினொரு பக்கத்தில் இல்லை.

உடனே சிலர் வந்து, "அப்பா அம்மா குடித்தனத்தைக் காட்டி, பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம்தான் உசத்தி என்கிறாயா" என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. மெரினாவில் உட்கார்ந்து காதலிப்பவர்களையும் எழுதலாம், எழுதவும் வேண்டும். சண்டையைப் புனிதமாக்குகிறேன் என்றும் வேண்டாம். அப்பா கேட்காமல் பணத்தைக் கொடுத்தது தவறு, இன்றும் அதையே சொல்வேன். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று, வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, கதைக்குள் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. குறுந்தொகை 167-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடி. புதிதாகக் குடித்தனம் வைத்த பெண் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள், அதைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது. அவள் சமைத்ததை அவன் "இனிது" என்று சாப்பிடுகிறான். அவள் முகம் "நுண்ணிதின் மகிழ்ந்தன்று", வெளியே தெரிந்தும் தெரியாமலும் மகிழ்ந்தது. அந்த 'நுண்ணிதின்' என்ற சொல்லை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். குறளில் ஊடலைப் பாடும் 'புலவி நுணுக்கம்' அதிகாரத்தையும் படியுங்கள். கணவன் தும்முகிறான், வாழ்த்திய வாயாலேயே மனைவி "யாரை நினைத்துத் தும்மினீர்" என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகிறான், அதற்கும் அழுகிறாள். பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிற இருவருக்கு நடுவில்தான் இப்படி நடக்கும்.

     

கதையைத் திரும்ப எழுதியபோது மெரினாவை எடுத்துவிட்டேன். இருவரையும் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்த்தேன். அவன் நகல் எடுப்பான், அவள் ஸ்பைரல் பைண்டிங் போடுவாள். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கிற வாரம், கூட்டம் நெரிகிறது. துளை போடும் கைப்பிடியை அவள் இரண்டு கையாலும் அழுத்துவதை அவன் ஒருமுறை பார்க்கிறான். அடுத்த கட்டு முதல் தாள்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து அடுக்கி வைக்கிறான், அழுத்துவதற்கு லேசாக இருக்கட்டும் என்று. மணிக்கட்டு வலி என்ற வார்த்தையே கதையில் வரவில்லை. காதல் என்ற வார்த்தையும் வரவில்லை. நீங்களும் உங்கள் இருவருக்கும் முதலில் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள், வசனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கதையையும் அக்காவிடம்தான் கொடுத்தேன். ஊரை மாற்றியிருந்தேன், தொழிலை மாற்றியிருந்தேன், தோளைக்கூட மணிக்கட்டாக மாற்றியிருந்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சித்திக்குத் தோள் வலி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.