ஏழடி ரோபோ வேஷம்: உள்ளே நடப்பவரை அளந்துவிட்டுத் தொடங்குங்கள்

கேள்வி: அண்ணா, கொழிஞ்சாம்பாறையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் எங்கள் கிளப் ஊர்வலத்தில், காராக மாறும் சினிமா ரோபோ மாதிரி ஏழடி உயரத்தில் வேஷம் செய்து நானே போட்டுக்கொண்டு நடக்க ஆசை. என் உயரம் 5 அடி 8 அங்குலம். கையில் 6,000 ரூபாயும் இரண்டு மாதமும் இருக்கின்றன. தகரம், பிளைவுட், தெர்மோகோல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் செய்வது? எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, 6,000 ரூபாய் போதும், இரண்டு மாதமும் போதும். எதில் செய்வது என்று கேட்பதற்கு முன்னால், அதற்குள் எத்தனை நேரம் நிற்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். பாலக்காட்டு மார்ச் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் நடக்க முடியாத ரோபோ எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வேலந்தாவளம் பக்கம் மேடை அலங்கார வேலை பார்க்கிறவன் நான். முதன்முதலில் செய்த ரோபோவை பிளைவுட்டிலும் தகரத்திலும் செய்தேன். 19 கிலோ. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. உள்ளே போன பையன் 200 மீட்டர் நடந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிட்டான். உட்கார முடியவில்லை. மார்புப் பலகையை முதுகுப் பக்கம் ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தேன். கழற்றி முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆனது. வெளியே வந்தபோது அவன் உதடு வெளுத்திருந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு மூன்று கணக்குதான்: மொத்த எடை 8 கிலோவைத் தாண்டக்கூடாது, ஒரு கை முக்கால் கிலோவுக்கு மேல் போகக்கூடாது, அரை நிமிடத்தில் கழற்ற வேண்டும்.

அதனால் தகரமும் பிளைவுட்டும் வேண்டாம். தெர்மோகோல் லேசுதான், ஆனால் ஸ்ப்ரே பெயிண்ட் பட்டால் கரைந்து குழி விழும், கூட்டத்தில் ஒரு இடி இடித்தால் உடையும். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்து விரிக்கும் பசில் மேட் இருக்கிறதே, அந்த ஈவிஏ ஃபோம் வாங்குங்கள். உடம்புக்கு 10 மி.மீ., மேலே ஒட்டும் நுணுக்கங்களுக்கு 5 மி.மீ. உலோகம் மாதிரித் தெரிய உலோகமே வேண்டும் என்பதில்லை. 1927இல் வந்த ஜெர்மன் படம் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் ரோபோ உடை, நடிகையின் உடம்பை அச்செடுத்து, காற்றில் இறுகும் ஒருவகை மரத்தூள் பசையால் செய்தது; பளபளப்பு மேலே அடித்த வெள்ளி வண்ணம்தான்.

அச்செடுக்கும் வேலையை நீங்களும் செய்யுங்கள். பழைய பனியனும் பேன்ட்டும் போட்டு, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். மூச்சை நன்றாக இழுத்து நிற்கும்போது மார்பில் ஒட்டவேண்டும். பிறகு கையையும் காலையும் மடக்கி, எங்கே சுருங்குகிறதோ அங்கெல்லாம் மார்க்கரால் கோடு போட்டு, ஓரமாகக் கத்தரித்து எடுங்கள். உங்கள் உடம்பின் தையல் பேட்டர்ன் கையில் இருக்கும். அதைச் சுற்றி 3 செ.மீ. பெரிதாக்கி அட்டையில் வெட்டுங்கள். பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக் கடையில் ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டி கிடைக்கும். அட்டையில் முழு ரோபோவையும் ஒருமுறை கட்டிப் பார்க்காமல் ஃபோமில் கத்தி வைக்காதீர்கள்.

மூட்டுகளில்தான் பெரும்பாலான வேஷங்கள் தோற்கின்றன. முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறமும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். உள்ளே கறுப்பு டிராக் பேன்ட், கறுப்பு முழுக்கை பனியன். இடைவெளி வெறுமையாகத் தெரிந்தால் எலெக்ட்ரிக் ஃப்ளெக்சிபிள் பைப்பைத் துண்டாக வெட்டித் தொங்கவிடுங்கள். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தங்க ரோபோவைக் கவனித்திருப்பீர்கள்: வயிற்றில் மட்டும் தகடு கிடையாது, கறுப்புப் பின்னணியில் வண்ண வயர்கள். இடுப்பு வளைய வழி அதுதான். அதற்குள் இருந்த ஆன்டனி டேனியல்ஸுக்கு அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. சாய்ந்து நிற்கத் தனியாகப் பலகை வைத்திருந்தார்கள்.

எடை எங்கே விழவேண்டும் என்பதற்கு நம் பொய்க்கால் குதிரையைப் பாருங்கள். அந்தக் கூடு ஆட்டக்காரரின் தோளில் வாரால் தொங்குகிறது, கை ஆடுவதற்கு விட்டுப்போகிறது. நீங்களும் பழைய டிராவல் பேக் ஒன்றை, இடுப்பு பெல்ட் உள்ளதாகப் பார்த்து எடுத்து, அதன் பிரேமில் மார்பு, முதுகு, தோள், தலை நான்கையும் மாட்டுங்கள். ரோபோவின் தலையை உங்கள் தலைமேல் வைத்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

உயரம் ஆறரை அடியில் நிற்கட்டும். செருப்புக்கு அடியில் 6 செ.மீ. ஃபோம், ரோபோவின் வாய்வழியே நீங்கள் பார்க்கிற மாதிரி தலையை வைத்தால் இன்னொரு 18 செ.மீ. அவ்வளவு போதும். தோளை அகலமாக்கி, இடுப்பைக் குறுக்கி, முன்கையையும் பூட்ஸையும் பெரிதாக்கினால் பார்க்கிறவர்கள் ஏழடி என்றுதான் சொல்வார்கள். வாயில் கறுப்பு வலைத்துணி ஒட்டுங்கள். கால் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே முன்னால் கைகாட்டிக்கொண்டு ஒருவர் நடந்தே ஆகவேண்டும்.

வெட்டும்போது பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கினால் ஃபோம் பிய்ந்துபோகும். ஓரங்களை 45 டிகிரி சாய்த்து வெட்டினால் மூலை கூர்மையாக வரும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்துங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. இந்த வேலை ஜன்னல் திறந்த இடத்தில் நடக்கட்டும். உங்கள் கடையிலுள்ள ஹாட் ஏர் மெஷின் சின்ன பாகங்களுக்கு உதவும். பெரியவற்றுக்கு ஹீட் கன் இரவல் வாங்குங்கள். தோள்பட்டை வளைவுக்கு ஃபோமைச் சூடாக்கி, ஒரு எவர்சில்வர் குடத்தின்மேல் கவிழ்த்து, ஆறும்வரை கையால் பிடித்திருங்கள். எடுத்தால் குடத்தின் வளைவு அப்படியே இருக்கும். முதல் தோள்பட்டை அப்படிக் கையோடு வந்த நாளில் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பெயிண்ட் அடிக்கும் முன் ஹீட் கன்னால் மேற்பரப்பை ஒருமுறை வருடுங்கள், துளைகள் மூடி லேசாக மினுங்கும். அப்புறம் தண்ணீர் கலந்த ஃபெவிகால் மூன்று கோட், கறுப்பு ஒரு கோட், அதன்மேல் வண்ணம்.

பண்டிதர் கணக்கு மாதிரி இல்லாமல் தோராயமாகச் சொல்கிறேன்: ஃபோமுக்கு 2,800, பசைக்கு 700, பெயிண்டுக்கு 900, பெல்ட்–பக்கிள்–வெல்க்ரோவுக்கு 500, விளக்குக்கும் விசிறிக்கும் 600. மிச்சம் 500 கடைசி வார உடைசல்களுக்கு. மார்பு முன்பக்கம் பள்ளிக்கூடப் பையின் பிளாஸ்டிக் பக்கிள் இரண்டில் திறக்கட்டும்.

விளக்குகளுக்கு 5 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பும் ஒரு பவர் பேங்கும் போதும். கடையில் கிடக்கும் பழைய மொபைல் பேட்டரிகளைச் சேர்த்துக் கட்டலாம் என்று உங்கள் கை துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். வியர்வையும் இடியும் படுகிற இடத்தில், உடம்போடு ஒட்டி அதை வைக்கக்கூடாது. பவர் பேங்க் முதுகுப் பக்கம், வெளிப்பையில் இருக்கட்டும். தலை உச்சியில் சின்ன விசிறி ஒன்று உள்காற்றை வெளியே தள்ளட்டும். கீழிருந்து காற்று தானாக ஏறும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையும் மார்பும் கழற்றித் தண்ணீர் குடியுங்கள்.

ஊர்வலத்தில் யானை வருமா என்று கமிட்டியிடம் இப்போதே கேளுங்கள். வருகிறதென்றால் யானைப் பாகனிடமும் பேசி, விளக்கை அணைத்துத் தள்ளி நடங்கள், அல்லது யானை போனபின் இறங்குங்கள். வெடிக்கட்டு, அதாவது வாணவேடிக்கை, நடக்கும் இடத்துக்கும் போகக்கூடாது. ஃபோமும் பசையும் பெயிண்டும் ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும்.

ஊர்வலத்துக்கு இரண்டு வாரம் முன்னால், பெயிண்ட் அடிக்காத ரோபோவைப் போட்டுக்கொண்டு பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். நாலு படி ஏறி இறங்குங்கள், வைக்கோல் வண்டி ஒதுங்குகிற அளவு இடத்தில் திரும்புங்கள், நண்பரை விட்டுக் கழற்றச் சொல்லி நேரம் பாருங்கள். எங்கே உரசித் தோல் சிவக்கிறதோ அங்கே ஃபோமை வெட்டி எறியுங்கள். பெயிண்ட் டப்பாவை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.