கொழுப்புக் கல்லீரல் இருக்கட்டும், அந்தக் கறுப்பு மலத்துக்கு இன்றே போங்கள்

முதலில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பது) வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அரசு மருத்துவமனை என்றாலும் சரி. தனியாக பைக் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்கேனில் 'கொழுப்புக் கல்லீரல், கிரேடு 1' என்று வந்ததிலிருந்து ஒரு மாதமாகத் தூக்கமில்லை, இது புற்றுநோயில் முடியுமா, பிள்ளைகள் இரண்டும் சின்னது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஏப்பம், உப்புசம், நாக்கில் வெள்ளைப் படிவு. இதற்கெல்லாம் நடுவில், முழங்கால் வலிக்கு மூன்று மாதமாக மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்லோஃபினாக் பற்றி ஒரு வரி. கடைசியில், 'நாலு நாளாக மலம் தார் மாதிரி போகிறது, மாடி ஏறினால் தலை சுற்றுகிறது, உஷ்ணம் என்று இளநீர் குடிக்கிறேன்' என்று இன்னொரு வரி.

அது உஷ்ணம் இல்லை. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிந்தால் அது அமிலத்தில் கலந்து, குடல் முழுக்க இறங்கி வெளியே வருவதற்குள் கறுத்துவிடும். பிசுபிசுப்பாக, பளபளப்பாக, ஒரு தனி நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாமல் ஒட்டிக்கொள்ளும். 50 முதல் 100 மில்லி ரத்தம் இறங்கினாலே இப்படி ஆகலாம். இரும்புச்சத்து மாத்திரையிலும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. நீங்கள்தான் அதைச் சாப்பிடவே இல்லையே. தலைசுற்றலும் சேர்ந்துவிட்டது என்றால் உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். வாரக்கணக்கில் உஷ்ணத்துக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு, ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கியபின் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

'சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போடுகிறேன்' என்கிறீர்கள். அது காப்பாற்றாது. வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் இரைப்பையின் உள்சுவருக்குக் காப்பாகவும் இருக்கிறது. இந்த மாத்திரைகள் ரத்தத்தில் கலந்து இரண்டையும் சேர்த்துத்தான் நிறுத்துகின்றன, ஊசியாகப் போட்டாலும் அதே கதை. வயிறு வலிக்கவில்லையே என்றும் தேற்றிக்கொள்ளாதீர்கள், போடுவதே வலி மாத்திரை. இன்றோடு அதை நிறுத்துங்கள், அட்டையை மட்டும் கையில் எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் எதுவும் சாப்பிட வேண்டாம். ரத்த வாந்தியோ, காபித்தூள் கலந்தது போன்ற வாந்தியோ வந்தால் யோசிக்காமல் 108.

எண்டோஸ்கோபிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகலாம், புண்ணில் ரத்தம் கசிந்தால் அதன் வழியாகவே கிளிப் போட்டு நிறுத்திவிடுவார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று வெகுகாலம் மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தோம். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு மாறியது, 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கிருமி இருந்தால் 14 நாள் ஆன்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். பாதியில் விடாதீர்கள்.

சரி, கல்லீரல். நெட்டில் படித்து நீங்கள் குழம்பியது இங்கேதான் என்று நினைக்கிறேன்: கிரேடு 1 என்பது புற்றுநோயின் முதல் கட்டம் இல்லை. கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு படிந்திருக்கிறது, அவ்வளவுதான். குடிப்பழக்கம் இல்லை, எடை 84 கிலோ என்கிறீர்கள். அதில் ஆறிலிருந்து எட்டு கிலோ மெல்ல மெல்லக் குறைத்தால் பெரும்பாலும் கொழுப்பும் குறைந்துவிடும், முழங்காலும் நன்றி சொல்லும். சர்க்கரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 'லிவர் டீடாக்ஸ்' பொடியைத் தூக்கி எறியுங்கள். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் மூலிகை குடித்து மஞ்சள் காமாலையோடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள். ஏப்பத்தையும் நாக்கையும் மறந்துவிடுங்கள்.

ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது, எண்டோஸ்கோபியில் என்ன சொன்னார்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். முழங்காலுக்கு என்ன செய்யலாம் என்று அப்புறம் பேசுவோம்.