கண்காணிப்பு கேமரா: வாங்கப்போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

சென்னையில் வீடு, கடை, அபார்ட்மென்ட் என்று பல வருடமாக கேமரா பொருத்திவருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

வேளச்சேரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்: 24 வீடுகள். கேமரா வைக்கும் தூணிலிருந்து கேட் 12 மீட்டர். 8 மெகாபிக்சல் போட்டால் வருபவர் முகம் தெரியுமா?

லென்ஸ் எத்தனை எம்எம் என்று கேட்டீர்களா சார்? எல்லாரும் விட்டுவிடும் கேள்வி அதுதான். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் 2.8 எம்எம்தான் கைக்கு வரும். அது அகலமாகப் பார்க்கிற லென்ஸ். 12 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 29 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 8 மெகாபிக்சலின் 3840 புள்ளிகளை அந்த அகலத்துக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு 130 சொச்சம். முன்பின் தெரியாதவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. 12 எம்எம் லென்ஸ் போட்ட சாதாரண 2 மெகாபிக்சல் அதே கேட்டை ஐந்தரை மீட்டர் அகலத்துக்குள் பிடிக்கும். மீட்டருக்கு 350 கிடைக்கும். கேட்டுக்கு அது ஒன்று, வளாகத்துக்கு 2.8 ஒன்று வையுங்கள். பத்தடிக்கு மேல் ஏற்றாதீர்கள், உச்சந்தலைதான் பதிவாகும்.

பெசன்ட் நகர்: கடலோர வீடு. ஒரு வருடத்தில் படம் விட்டுவிட்டு வருகிறது அண்ணா.

கேமராவைத் திட்டும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருக்கும். உப்புக் காற்று வேலை அது. இணைப்பு எல்லாம் மூடிய பெட்டிக்குள் போகட்டும். வயர் முழுச் செம்பா என்று சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

புரசைவாக்கம், துணிக்கடை: எத்தனை மெகாபிக்சல் நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள். உங்கள் வாசல் வெயிலைப் பார்த்திருந்தால் உள்ளே வருபவர் முகம் கருப்பாக விழும். வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதி, 120 டெசிபல் உள்ளதாகக் கேளுங்கள்.

வேளச்சேரி செயலாளர் மறுபடி: 8 மெகாபிக்சல் என்றால் ஜூம் செய்து பார்க்கலாமே? எங்கள் கமிட்டி உறுப்பினர் செல்போனில் காட்டினார்.

மடிப்பாக்கம்: எனக்கும் அதே சந்தேகம். விலை கூடியது மோசமாகவா இருக்கும்?

பதிவில் இல்லாத புள்ளியை ஜூம் உண்டாக்காது. அவர் காட்டியது பட்டப்பகலில் எடுத்ததாக இருக்கும். லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்கும் சில்லுதான் சென்சார். அதே அளவு சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு புள்ளியும் சிறுத்துப்போகும், வெளிச்சம் குறைவாக வாங்கும். ராத்திரியில் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், நடப்பவர் இழுபடுவார். மேடவாக்கத்தில் பைக் திருடியவனின் பதிவை நிறுத்திப் பார்த்தோம். பைக் ஹேண்டில் துல்லியமாக இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். விலை உயர்ந்த கேமராதான் அது. சென்சாரும் பெரிதாக இருந்தால் 8 மெகாபிக்சல் நல்ல பொருள், மறுக்கவில்லை. பணம் கொடுக்கும் முன் ராத்திரி 9 மணிக்கு ஒருவரை கேட் வழியாக நடக்கவிட்டு, நேரலையை அல்ல, பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பெரம்பூர்: ராத்திரியில் படம் முழுக்க வெள்ளைப் புகையாகத் தெரிகிறதே சார்?

சிலந்தி. இருட்டில் படம் பிடிக்க கேமராவில் இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கைத் தேடி பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். மாதம் ஒருமுறை ஒட்டடை அடியுங்கள்மா.

அம்பத்தூர்: 5 மெகாபிக்சல் போதுமா, 8 வேண்டுமா?

லென்ஸ், லென்ஸ், லென்ஸ். தூரத்தை அளந்துகொண்டு வாருங்கள், பேசலாம்.

கொளத்தூர்: பக்கத்து வீட்டு கேமரா எங்கள் படுக்கையறையைப் பார்க்கிறது.

முதலில் நேரில் பேசிப் பாருங்கள். கேட்காவிட்டால் வழக்கறிஞரிடம் போங்கள்.

தாம்பரம்: பாஸ்வேர்டு மாற்றியே ஆக வேண்டுமா?

இன்றைக்கே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் உலகம் முழுக்க கேமராக்களையும், பதிவைச் சேமிக்கும் பெட்டிகளான டிவிஆர்களையும் பிடித்தது தொழிற்சாலை பாஸ்வேர்டை வைத்துத்தான்.

வேளச்சேரி செயலாளர்: சரி, 12 எம்எம் வாங்குகிறோம். நான்கு கேமராவுக்கு எவ்வளவு ஹார்ட் டிஸ்க்? டிவிஆரை வாட்ச்மேன் அறையில் வைக்கலாமா?

ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் (4 எம்பிபிஎஸ்) பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்குக்கு 2 டெராபைட் போட்டால் 11 நாள் நிற்கும். ஒரு மாதம் வேண்டுமென்றால் 6 டெராபைட். வாட்ச்மேன் அறை வேண்டாம் சார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் பகுதியிலேயே ஒரு டிவிஆரைத் திறந்தேன். ஹார்ட் டிஸ்க் மேல் விரல் பருமனுக்குச் சேறு. முதல் மாடியில் பூட்டிய அலமாரியில், யூபிஎஸ்ஸோடு வையுங்கள்.