அத்தனை பெரிய முகம்

அன்புள்ள ஐயா,

நான் வேலூரில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். நடிகை டி.பி.ராஜலட்சுமியின் ஊமைப்படக் காலம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவர் நடித்த ஊமைப்படம் எதுவும் பார்க்கக் கிடைக்கவில்லை. வேறு ஒரு பழைய ஊமைப்படத் துணுக்கை வகுப்பில் போட்டுக் காட்டினேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். கண்ணை உருட்டுவதும் குடுகுடுவென்று ஓடுவதும் நடிப்புதானா? ராஜலட்சுமியைப் பொறுத்தவரை அந்தக் காலத்தை முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கு ஒரு முன்னுரை என்று மட்டும் வைத்துக்கொள்ளலாமா? நம் வேலூர்க்காரர் நடராஜ முதலியார் எடுத்த, தென்னாட்டின் முதல் ஊமைப்படமான 'கீசகவதம்' எந்த ஆண்டு என்பதிலும் குழப்பம். பள்ளிகொண்டாவில் இருக்கும் என் கொள்ளுப்பாட்டிக்கு 96 வயது. சின்ன வயதில் ராஜலட்சுமி படம் பார்த்ததாகச் சொல்கிறார். ஆனால் படத்தின் பெயர் தெரியவில்லை. அதனால் கட்டுரைக்கு உதவாது.

ச.

அன்புள்ள ச.,

குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாக எடுத்துவரும் திருவிழா, பார்த்துவிட்டு வந்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

ஆண்டுக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். 1916 என்பவர்கள் உண்டு, 1917 என்பவர்கள் உண்டு, 1918 என்பவர்களும் உண்டு. மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். அந்தப் படமே இன்று இல்லை. அந்தக் காலத்துப் படச்சுருளான நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டால் பெட்டிக்குள்ளேயே மக்கிப்போகும். மிச்சம் இருந்ததை அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கினார்கள். தென்னாட்டு ஊமைப்படங்களில் 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' மாதிரி அபூர்வமாக ஏதாவது தப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிரித்த கதைக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் சிரித்ததை விடுங்கள், நீங்கள் சிரித்தது எனக்கு வலித்தது. எதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று தெரியுமா? அந்தக் காலத்து கேமராவைக் கையால் சுற்றுவார்கள். நொடிக்குப் பதினாறு படம், கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒலி வந்த பிறகுதான் நொடிக்கு 24 என்று நிலையானது. பதினாறில் எடுத்ததை இருபத்துநாலில் ஓட்டினால் ஒரு நிமிட நடிப்பு நாற்பது நொடியில் முடிந்துவிடும். மெதுவாகத் திரும்பிய தலை வெடுக்கென்று திரும்பும், தயங்கி நிமிர்ந்த கண் உருளும், நடந்தவள் ஓடுவாள். அவள் அப்படி நடிக்கவில்லை அம்மா. மெஷின் அப்படிக் காட்டியது. உங்கள் அம்மா பேசுவதை வேகமாக ஓட்டிக் கேட்டுவிட்டு, இவருக்குப் பேசவே தெரியாது என்பீர்களா? போனிலேயே வேகத்தை 0.75 என்று குறைத்து அதே துணுக்கைத் தனியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். பார்த்த பிறகு அந்த வகுப்புக்கும் ஒருமுறை காட்டுங்கள். அது உங்கள் கடமை.

'முன்னுரை' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். ராஜலட்சுமி திருவையாற்றில் 1911-ல் பிறந்தவர். பால்ய விவாகம், அது முறிந்தது. அப்பா இல்லாத வீடு. சிறுமியாக நாடக மேடைக்குப் போனார். அந்த மேடையில் பாட்டு வராவிட்டால் சோறு இல்லை. அப்படி வந்தவரை 1929-ல் 'கோவலன்' ஊமைப்படத்தில் நிறுத்தினார்கள். பாடிப் பிழைத்தவரின் தொண்டையைக் கட்டிவிட்டு, இப்போது நடி என்பது அது. முகமும் இரண்டு கையும்தான் மிச்சம். 1931 அக்டோபர் 31-ல் வெளியான 'காளிதாஸ்' படத்தில் அவர் தமிழில் பேசிப் பாடினார், எதிரில் நின்ற கதாநாயகன் தெலுங்கில் பேசினார். ஆளுக்கொரு மொழியில் பேசும்போது காட்சியைத் தாங்குவது எது? குரல் இல்லாமல் பழகிய அந்த முகம்தான் என்பது என் எண்ணம். 1936-ல் 'மிஸ் கமலா'வுக்குக் கதை எழுதி, இயக்கி, நடித்தாரே, கேமராவுக்குப் பின்னால் போய் நிற்கும் அந்தத் தைரியத்துக்கும் விதை இங்கேதான் விழுந்திருக்கும்.

என் ஆயா குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். பன்னிரண்டு பதிமூன்று வயதில், சிரசுத் திருவிழா சமயத்தில், கௌண்டன்ய ஆற்றங்கரையில் டென்ட் போட்டு ஊமைப்படம் காட்டினார்களாம். திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் பிரம்போடு நின்று, நடுவில் வரும் எழுத்தைப் படித்துக் கதை சொல்வானாம். மேடைக் கூத்து விடிய விடியப் பார்த்து வளர்ந்தவள் ஆயா. அதில் பாஞ்சாலி வேஷம் கட்டுவதும் ஆண்பிள்ளைதான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எங்கோ தூரத்தில் தெரியும் முகம். இங்கே ஒரு பெண்ணின் முகம் திரை முழுக்க வந்தது. "அதுவரைக்கும் அத்தனை பெரிய மூஞ்சின்னா அம்மன் சிரசுதான்டா பாத்திருக்கேன். கன்னத்துல போட்டுக்கிட்டேன்" என்பாள்.

சிரசு பார்த்திருக்கிறீர்கள்தானே? ஜமதக்னி சொல்லி மகன் வெட்டிய ரேணுகையின் தலை அது. வைகாசி முதல் நாள் தெருத் தெருவாக ஊர்வலம் வரும். வாய் பேசாது. கூட்டம் அந்தக் கண்ணைப் பார்த்து அழும். அந்தக் கூட்டத்தில் நின்ற பெண்கள்தான் மாலையில் டென்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அவர்களில் யாரும் சிரிக்கவில்லை.

ஆயா ஒரு காட்சியை நடித்துக் காட்டுவாள். ஒருத்திக்குக் கடிதம் வருகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாசலுக்கு வந்து தெருவைப் பார்க்கிறாள், படித்துச் சொல்ல யாரும் இல்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். முகர்ந்து பார்க்கிறாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போகிறாள். கரண்ட் போன ராத்திரிகளில் சிம்னி விளக்குக்கு எதிரே உட்கார்ந்து ஆயா இதைச் செய்வாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. "கடுதாசில என்ன இருந்துச்சு ஆயா?" என்று கேட்டால், "அவளுக்கே தெரியாது, எனக்கெப்பிடித் தெரியும்?" என்பாள்.

காலேஜ் படிக்கும்போது நான் ஒரு நோட்டோடு போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். படம் பேர் என்ன, எந்த வருஷம், நடித்தது யார் என்று கேட்டேன். மூன்றுக்கும் தெரியாது என்றாள். நோட்டை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அவளும் அதற்கப்புறம் அதை நடித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பெண் முகர்ந்தது கடிதத்தின் எந்தப் பக்கம், உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்று இப்போது யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை.

உதவாது என்று எழுதிவிட்டீர்கள். படத்தின் பெயரை உங்கள் கொள்ளுப்பாட்டியிடம் ஏன் கேட்கிறீர்கள்? வேலூரிலிருந்து பள்ளிகொண்டாவுக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். வெற்றிலை போடுபவராக இருந்தால் வாங்கிக்கொண்டு போங்கள். நோட்டு வேண்டாம். ராஜலட்சுமி எப்படிப் பார்த்தார், எப்படி அழுதார், கையை எங்கே வைத்துக்கொண்டார், செய்து காட்டு பாட்டி என்று கேளுங்கள். அவர் முகத்தை மட்டும் பாருங்கள். பஸ் ஏறிய பிறகு எழுதிக்கொள்ளலாம்.